பாட்டி உட்கார இடமிருக்கா?

சறுக்குப் பலகையின் உச்சிக்கு ஏறிவிட்டாள். உட்காரப் போனவள் துள்ளி எழுந்து, "சுடுது தாத்தா" என்றாள். ஏறிய ஏணியிலேயே பின்பக்கமாக இறங்கி வந்து என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து வயது. என் அக்கா பேத்தி. சனிக்கிழமை மாலை மணி நான்கரை. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக நின்ற அந்த விளையாட்டுச் சாமானைச் சுற்றி ஒரு மரம் கிடையாது. இருபது அடி தள்ளி ஒரு சிமெண்டு பெஞ்சு. அதுவும் வெயிலில்தான் காய்ந்துகொண்டிருந்தது. மூன்று பக்கமும் புத்தம்புது வீடுகள், பூட்டிய இரும்புக் கதவுகள். வேறொரு பிள்ளையைக் காணோம்.

அவள் அம்மா போன வருடம்தான் ஷா ஆலமை விட்டு சுங்கை புரோங் பக்கம் குடிவந்தாள். வீட்டு விலை ஒரு காரணம். "அமைதியான இடம் மாமா. லொறி சத்தம் இல்ல. பிள்ளை வெளிய ஓடி விளையாடலாம்" என்று அப்போது தொலைபேசியில் சொன்னாள். இப்போதோ, "பக்கத்துல நல்ல திடல் எங்க இருக்குன்னு நீங்களே கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. பத்திரிகைக்காரர்தானே" என்கிறாள். அரசியல்வாதிகளின் பின்னால் ஓடியிருக்கிறேன், வெள்ளத்தில் இடுப்பளவு நின்று செய்தி எழுதியிருக்கிறேன். ஊஞ்சலைத் தேடிப் போனதில்லை. அந்தச் சனியும் ஞாயிறும் பேத்தியைப் பின்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு ஏழு திடல்கள் பார்த்தேன்.

பறவைக்கு நாலு மாடி

சுங்கை புரோங் என்றால் பறவை ஆறு. கூட்டரசு சாலை 5இல் தஞ்சோங் காராங்கைத் தாண்டி செகிஞ்சானுக்குப் போகும் வழியில் இருக்கிறது. மேற்கே மலாக்கா நீரிணை, கிழக்கே கண்ணுக்கெட்டியவரை நெல் வயல். வடமேற்கு சிலாங்கூர் நெல் திட்டத்தை 8 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் ஒன்று சுங்கை புரோங். பெர்ணம் ஆற்றிலிருந்து வரும் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து இங்கே பாய்கிறது. தேர்தல் நேரத்தில் மட்டும் ஊர்ப்பெயர் நாடு முழுக்கக் காதில் விழும், சட்டமன்றத் தொகுதிக்கும் அதே பெயர் என்பதால். மற்ற நாட்களில் நாரையும் கொக்கும்தான் அதிகம் நடமாடும்.

நெல் வயலில் தமிழர்கள் குறைவு. நம்மவர்கள் உள்நாட்டுப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தார்கள்: ராஜா மூசா, புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை. தோட்டம் கைமாறியபோதும் துண்டாடப்பட்டபோதும் வெளியேறிய குடும்பங்கள் கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங் தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், வந்து சேர்ந்தன. கோலாலம்பூர் விலைக்கு மூச்சு முட்டிய இளம் குடும்பங்கள் இப்போது எதிர்த்திசையிலிருந்து வருகின்றன. ஈஜோக் வரைக்கும் வரும் லத்தார் நெடுஞ்சாலை 2011இல் திறந்த பிறகு அந்த வரத்து கூடிவிட்டது.

இந்தக் கரையோரத்தில் ஜன்னலே இல்லாத உயரமான சிமெண்டுக் கட்டடங்களைப் பார்க்கலாம். உச்சியில் ஒலிபெருக்கி ஓயாமல் கீச்சுக் கீச்சென்று கத்தும். உழவாரக் குருவியைக் கூடு கட்ட அழைக்கும் பதிவு செய்த குரல் அது. கூட்டுக்கு நல்ல விலை. பறவைக்கு நாலு மாடி எழுப்பத் தெரிந்த ஊரில் பிள்ளைக்கு ஒரு நிழல் மரம் வைக்க ஆளில்லையே என்று காரில் போகும்போது சொன்னேன். பேத்திக்கு ஒலிபெருக்கிப் பறவைதான் பிடித்திருந்தது. கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஏழில் ஒன்று

முதல் திடலைத்தான் சொன்னேனே. இரண்டாவதில் ஊஞ்சலின் இரும்புச் சட்டம் மட்டும் நின்றது. சங்கிலியும் பலகையும் இல்லை. மேல் கம்பியில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். குறை சொல்ல மாட்டேன், அந்த இடத்தில் காற்று நன்றாக வந்தது. மூன்றாவதில் லாலாங் புல் முழங்காலுக்கு மேல். நான்காவதில் பழைய டயர்களைப் பாதி புதைத்து, சாயம் பூசி, குதித்து விளையாட வரிசையாக வைத்திருந்தார்கள். டயருக்குள் மழைத்தண்ணீர். குனிந்து பார்த்தேன், கொசுப் புழு நெளிந்தது. டிங்கி காய்ச்சலில் ஆண்டுதோறும் முன்னணியில் நிற்கும் மாநிலத்தில், பிள்ளைகள் விளையாடும் இடத்திலேயே ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

ஐந்தாவது பெரிய திடல், அழகான திடல். ஆனால் தாமானின் கடைசி மூலையில், மழைநீர்க் குளத்துக்கும் பெரிய கால்வாய்க்கும் நடுவில் கிடந்தது. எந்த வீட்டு வாசலிலிருந்தும் பார்வைக்குத் தெரியாது. வீடு கட்டி முடித்தபின் மிஞ்சிய நிலத்தைத் திடலாக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தவுடனே விளங்கியது. ஆறாவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஏழாவதைப் பேத்திதான் கண்டுபிடித்தாள். பழைய தாமான் ஒன்றின் நடுவே, சூராவுக்கும் மளிகைக் கடைக்கும் இடையில் ஒரு சின்னத் திடல். சாமான்கள் பழையவை. சீசா பலகை ஒன்று, ஊஞ்சல் இரண்டு, சாயம் போன இரும்புச் சறுக்கு ஒன்று. முதல் திடலில் இருந்ததில் பாதி விலைகூடப் பெறாது. ஆனால் ஒரு கிழட்டுத் தூங்குமூஞ்சி மரம் மொத்தத் திடலையும் குடைபோல மூடியிருந்தது. அடியில் மூன்று பெஞ்சு. ஒன்றில் இரண்டு மலாய்ப் பாட்டிகள், ஒன்றில் நம் பாட்டி ஒருவர் வெற்றிலையோடு. ஓரத்தில் கோரேங் பீசாங் வண்டி. பதினைந்து இருபது பிள்ளைகள். பேத்தி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். அடுத்த ஒரு மணி நேரம் அவளுக்கு நான் தேவைப்படவில்லை.

தூங்குமூஞ்சியை மலாய்க்காரர்கள் 'பூக்கோல் லீமா' என்பார்கள், ஐந்து மணி மரம். சாயங்காலமானால் இலை மடித்துக்கொள்ளும். பிள்ளைகள் வெளியே வரும் நேரமும் அதேதான்.

கையை வைத்துப் பாருங்கள்

அதற்காக நிழலும் பாட்டியும் இருந்தால் போதும், சாமான் எப்படி இருந்தாலும் சரி என்று சொல்லிவிட முடியாது. பிள்ளையைக் கூட்டிப்போகும் பெற்றோர் ஐந்து நிமிடம் செலவழித்துப் பார்க்க வேண்டியவை சில உண்டு. முதலில் புறங்கை. சறுக்கின் மேல் புறங்கையை வைத்து ஐந்து எண்ணுங்கள். உங்களால் முடியாவிட்டால் அரைக்கால் சட்டை போட்ட குழந்தையால் முடியாது. இரும்பு சுடும் என்று எல்லோருக்கும் தெரியும். பிளாஸ்டிக்கும் கருப்பு ரப்பர் தரையும் அதே அளவு சுடும் என்பது பலருக்குத் தெரியாது. கைக்குழந்தையின் தோலில் நொடிகளில் கொப்புளம் கிளப்பக்கூடிய சூடு அது. மூன்று பாகை வட அட்சத்தில் இருக்கும் நமக்கு, பிற்பகல் முழுக்க மேற்கு வெயிலை வாங்கும் சறுக்கு ஆறு மணி வரை அடுப்புதான்.

அடுத்தது தரை. விளையாட்டுத் திடல் காயங்களில் பெரும்பகுதி கீழே விழுவதால் வருவது. எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறான் என்பதோடு எதன்மேல் விழுகிறான் என்பதிலும் எலும்பின் கதி இருக்கிறது. மிதித்து மிதித்து இறுகிய செம்மண்ணும் சிமெண்டும் ஒன்றுதான். மணல் என்றால் சுமார் 30 செ.மீ. ஆழத்துக்காவது இளகலாக இருக்க வேண்டும். மணலுக்குப் பூனை வரும் என்பது வேறு தலைவலி.

பிறகு இடைவெளிகள். ஏணிப்படி, கைப்பிடிக் கம்பி, தடுப்புப் பலகை இவற்றின் நடுவே 9 செ.மீ. முதல் 23 செ.மீ. வரை அகலமுள்ள சந்து இருந்தால் ஆபத்து. குழந்தையின் உடம்பு உள்ளே போய்விடும், தலை மாட்டிக்கொள்ளும். உலகெங்கும் விளையாட்டுச் சாமான் தர விதிகளில் இந்த எண் ஏறத்தாழ இப்படியே இருக்கிறது. நம் நாட்டுக்கும் எம்.எஸ். 966 என்ற தர விதி உண்டு. அளவுநாடா எடுத்துப் போகத் தேவையில்லை. உங்கள் உள்ளங்கை அகலத்தை ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் போதும். சங்கிலியின் கொக்கி தேய்ந்திருக்கிறதா, கம்பியின் அடி மண்ணோடு சேருமிடத்தில் துருப்பிடித்திருக்கிறதா என்பதையும் குனிந்து பாருங்கள். கடற்காற்று அடிக்கும் ஊர். இரும்பு அடியிலிருந்துதான் அரிக்கும்.

கை, கால், வாய்ப்புண் நோய் பரவும் காலத்தில் பாலர் பள்ளி ஆசிரியைகள் திடலுக்குப் போகாதீர்கள் என்பார்கள். கேளுங்கள். மற்ற நாட்களில் வீட்டுக்கு வந்ததும் கை கழுவினால் போதும். பிள்ளை மண்ணில் புரண்டதற்காக யாரும் மருத்துவரிடம் ஓட வேண்டாம். 2019இல் நாட்டில் எடுத்த சுகாதார ஆய்வில் 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 15 விழுக்காட்டினருக்கு எடை அதிகம், 14.8 விழுக்காட்டினருக்கு உடற்பருமன். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பிள்ளை. அதற்கடுத்த வருடம் மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஊஞ்சலைச் சுற்றி நாடா கட்டினார்கள். நாடா போய்விட்டது, கையில் கொடுத்த தொலைபேசி மட்டும் திரும்பி வரவில்லை.

ஆயாக் கொட்டகை

என் பிள்ளைப் பருவம் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் வாய்க்கு இன்னும் பெர்ஜுந்தைதான்.

எங்களுக்கு ஊஞ்சலும் கிடையாது, சறுக்கும் கிடையாது. விடிவதற்கு முன் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் அம்மா, கையில் இருப்பதை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாள். உத்திரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். ஒரு கையால் கயிற்றை ஆட்டிக்கொண்டே இன்னொரு கையால் கஞ்சி ஊட்டும் கிழவி ஒருத்தி. தவழ்கிற வயது தாண்டியவர்களுக்குக் கொட்டகை வாசலே விளையாட்டுத் திடல். பள்ளிக்கூடம் விட்டு வந்தவர்களும் அங்கேதான் சுற்றுவோம். ஆயாவின் குரல் எட்டும் தூரம் வரைக்கும் எங்கள் எல்லை.

ரப்பர்க் காய் வெடிக்கும் பருவத்தில் விதை பொறுக்கக் காட்டுக்குள் ஓடுவோம். வழுவழுப்பான விதையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, சூடேறியதும் பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்துவிட வேண்டும். அதே விதை பல்லாங்குழிக்கும் ஆகும், மலாய்ப் பிள்ளைகளின் சொங்காக்குக்கும் ஆகும். பாக்கு மட்டையில் ஒருவனை உட்காரவைத்து இருவர் இழுத்தால் அது வண்டி. ரப்பர் வளையங்களைக் கோத்துப் பெண்பிள்ளைகள் தாண்டிக் குதிப்பார்கள். சைக்கிள் வளையத்தைக் குச்சியால் தட்டி லயத்தைச் சுற்றி வந்தால் பெரியவன் என்று பெயர். மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் பெரிய திடல். அதில் பெரியவர்கள் பந்து உதைத்த பிறகு இருட்டும் வரை எங்களுடைய சடுகுடு.

இதை எழுதும்போதே எனக்குள் ஒரு எச்சரிக்கை மணி அடிக்கிறது. தோட்டத்துப் பிள்ளைப் பருவத்தைத் தேனும் பாலுமாக எழுதி எழுதிப் பழகிவிட்டோம். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் விடுமுறை நாளில் அம்மாவுக்குக் கட்டிப்பால் பொறுக்கப் போனவர்கள். ஆயா நியமிக்கப்பட்டதும் பிள்ளைமேல் கொண்ட பாசத்தால் அல்ல. தாய் இரண்டு கையும் வீசி வேலை செய்ய வேண்டும் என்பதற்காக. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் 10 பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. பள்ளிக்கூடம் என்ற பெயரில் வந்தது பல இடங்களில் ஓர் ஓலைக் கொட்டகையும், கிராணி வேலையையும் சேர்த்துப் பார்த்த ஒரு வாத்தியாரும்தான். 1990இன் 446ஆவது சட்டம்வரை தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்ற விதி தொடர்ந்து வந்திருக்கிறது. விளையாட்டை நினைத்து எழுதிய விதி இல்லை அது. ஆனாலும் அந்த விதியின் ஓரத்தில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள், அவள் கண்ணெதிரே நாங்கள் விளையாடினோம்.

செம்பனை வந்ததும் காட்சி மாறியது. அதன் தொடக்கமும் எங்கள் வட்டாரம்தான். ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் வணிக நோக்கில் செம்பனை நட்ட தோட்டம் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்திலுள்ள தென்னமாரம். பெயரைக் கேட்டாலே தமிழ்க் காது நிமிரும். அவரே பிறகு மலாயாவை வைத்து நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கினார். நாவலாசிரியருக்கு நல்ல பரிசு. பிள்ளைகளுக்குக் கிடைத்த பரிசு வேறு. பால்மரக் காட்டுக்குள் வெளிச்சம் இருக்கும், காலுக்குச் சருகு மெத்தை இருக்கும். செம்பனைக்கு அடியில் இருட்டு, வெட்டிப் போட்ட மட்டைகளில் முள், மட்டைக் குவியலில் எலி, எலியைத் தேடி வரும் பாம்பு. அதற்குள் எந்தப் பிள்ளை ஓடும்? பால்மரத்தை நம்பி இருந்த அளவு ஆளும் செம்பனைக்கு வேண்டியதில்லை. லயங்கள் காலியாயின.

கோயில் திடல் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். அது எங்களுடையது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கம்பெனி நிலம். தோட்டத்தை விற்றபோது திடலும் சேர்ந்தே போயிற்று.

தாமானில் சட்டம் உங்கள் பக்கம்

அங்கேதான் தாமான் வேறுபடுகிறது. வீடமைப்புத் திட்டம் ஒன்று எழுந்தால் அதன் நிலத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது நம் நகரத் திட்டமிடல் விதி. கட்டிய நிறுவனம் அதை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த நிலம் தேசிய நிலச் சட்டத்தின் 62ஆவது பிரிவின்படி பொதுத் தேவைக்கென்று அரசிதழில் பதிவாகிவிட்டால், அதை வேறு காரியத்துக்குத் திருப்புவது எளிதல்ல. பதிவாகாமல் கிடந்தால் ஒருநாள் காலையில் எழுந்து பார்க்கும்போது திடலில் கார் நிறுத்துமிடம் முளைத்திருக்கலாம். உங்கள் தாமான் திடல் அரசிதழில் ஏறியிருக்கிறதா என்று நில அலுவலகத்திலோ நகராண்மைக் கழகத்திலோ கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. என் அக்கா மகளுக்கு இது தெரியாது. அவள் சேர்ந்திருக்கும் குடியிருப்பாளர் வாட்சப் குழுவில் இருநூறு பேர். குப்பை லொறியைப் பற்றியும் தெருநாயைப் பற்றியும் தினமும் சண்டை நடக்கிறது. திடலைப் பற்றி ஒரு செய்திகூட வந்ததில்லையாம்.

கோலசிலாங்கூர் மாவட்ட மன்றம் 2021இல் நகராண்மைக் கழகமாகத் தரம் உயர்ந்தது. பெயர்ப் பலகை பெரிதாகியிருக்கிறது, பொறுப்பும் பெரிதாக வேண்டும். ஆனால் இந்த நாட்டில் ஊராட்சித் தேர்தலை 1965இல் நிறுத்திவைத்தார்கள்; 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தோடு அந்தக் கதை முடிந்துபோனது. கழக உறுப்பினர்கள் நியமனத்தில் வருபவர்கள். ஊஞ்சல் அறுந்து கிடந்தால் எவருடைய ஓட்டும் குறையப்போவதில்லை. அதனால்தான் சட்டமன்றத் தேர்தல் நெருங்கும்போது மட்டும் திடல்களுக்குப் புதுச் சாயம் கிடைக்கிறது என்பது என் கணிப்பு. நீங்கள் வேறு காரணம் கண்டுபிடித்தால் எழுதுங்கள்.

குழந்தைக்கு விளையாட உரிமை உண்டு என்று 1989இல் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு சொன்னது. மலேசியா 1995இல் அதை ஏற்றது. வேறு சில பிரிவுகளுக்கு நாம் ஆட்சேபம் தெரிவித்தோம். 31க்கு மறுப்புச் சொன்னதில்லை.

ஆக, தோட்டத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது, கேட்க உரிமை இருக்கவில்லை. தாமானில் உரிமை காகிதத்தில் இருக்கிறது. உட்கார்ந்து பார்த்துக்கொள்ள ஆளைக் காணோம். பாட்டி வீட்டுக்குள் சீரியல் பார்க்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன? வெயிலில் கொதிக்கும் சிமெண்டு பெஞ்சில் எழுபது வயதுக்காரர் எதற்கு வந்து உட்கார வேண்டும்?

கோப்பன்ஹேகனின் ஆயா

இரண்டாம் உலகப் போர். டென்மார்க் ஜெர்மானியப் பிடியில் இருந்த 1943. பிள்ளைகள் ஒழுங்காகக் கட்டிய திடலை விட்டுவிட்டு இடிபாட்டிலும் கட்டுமான மனையிலும் போய் விளையாடுவதைக் கவனித்த சோரன்சென் என்ற நிலவடிவமைப்பாளர், கோப்பன்ஹேகனின் எம்ட்ரூப் பகுதியில் உடைந்த பலகை, கல், கயிறு இவற்றைக் கொட்டி வைத்து ஒரு திடல் திறந்தார். குப்பைத் திடல் என்றே பெயர். உலகம் முழுக்க அது பேசப்பட்டதற்குக் குப்பை ஒரு காரணம். எனக்குப் பட்ட காரணம் வேறு: அங்கே ஜான் பெர்டெல்சென் என்று ஒருவரைச் சம்பளம் கொடுத்து உட்காரவைத்தார்கள். பிள்ளைகளுக்கு எதையும் சொல்லித்தருவது அவர் வேலையில்லை. கூடவே இருக்க வேண்டும், ஆணி குத்தினால் எடுத்துவிட வேண்டும். எங்கள் ஆயாக் கிழவிக்கு டேனிஷ் மொழியில் ஒரு பதவிப் பெயர் கிடைத்ததுபோல.

ஆம்ஸ்டர்டாமில் ஆல்டோ வான் எய்க் என்ற கட்டடக் கலைஞர் 1947 தொடங்கி முப்பது ஆண்டுகளில் 700க்கும் மேற்பட்ட சிறு திடல்களை வடிவமைத்தார். தெருமுனை, இடிந்த வீட்டு மனை, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கிடந்த சந்து. எங்கே இடம் கிடைத்ததோ அங்கே. ஒரு மணல் குழி, சில வளைந்த கம்பிகள், மரம், பெரியவர்கள் உட்கார பெஞ்சு. அவ்வளவுதான் சாமான். பெரும்பாலும் வேலி கிடையாது. ஊரின் கடைசி மூலைக்குப் பிள்ளையைத் துரத்தாமல் தெருவின் நடுவிலேயே இடம் கொடுத்தார். நான் பார்த்த ஐந்தாவது திடலை அவரிடம் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

பக்கத்திலேயே உதாரணம் வேண்டுமென்றால் சிங்கப்பூர். தோ பாயோவில் 1979இல் வந்த டிராகன் திடலைப் பார்த்திருப்பீர்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்த கோர் இயான் கீ வரைந்தது. அடுக்குமாடிகளுக்கு நடுவே, மணல் தரையில், மேலே ஏறிச் சறுக்கும்படி ஓர் ஆரஞ்சுத் தலை டிராகன். எத்தனையோ பழைய திடல்களை இடித்துப் பிளாஸ்டிக் தொகுப்புகளை வைத்த பிறகும் அதை விட்டுவைத்திருக்கிறார்கள். அங்கே படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் நாற்பது வயது தாண்டியவர்கள்.

இன்னும் கட்டாத திடல்

பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் மேரி, மின்யாக், நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய 5 தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்த கதையை இந்த நாட்டில் தமிழ்ப் பத்திரிகை படிக்கும் எல்லோரும் அறிவார்கள். 245 குடும்பங்களுக்கான வீடமைப்புத் திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது. வீட்டைப் பற்றி, தவணையைப் பற்றி, யார் முயற்சியால் கிடைத்தது என்பதைப் பற்றி எத்தனையோ பத்தி படித்துவிட்டேன். திடல் எங்கே வரப்போகிறது என்று ஒருவரும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அந்த வரைபடத்தில் 10 விழுக்காடு எந்த மூலையில் இருக்கிறது? வாசலிலிருந்து தெரியுமா? மரத்தை வீட்டோடு சேர்த்தே நடுவார்களா, இல்லை சாவி கொடுத்த பிறகு ஒரு தலைவர் வந்து மண்வெட்டியோடு படம் எடுத்துக்கொள்ளும்போது நடுவார்களா? தூங்குமூஞ்சி குடை விரிக்கக் குறைந்தது பத்து வருடமாவது ஆகும். வீடு எழும்போதே நட்டால்தான் இன்று தொட்டிலில் இருக்கும் பிள்ளை அதன் நிழலில் பந்து உதைக்கும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. கோலசிலாங்கூரில் புக்கிட் மெலாவத்தி இருக்கிறது. 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம், பழைய பீரங்கிகள், சாம்பல் நிற லங்கூர் குரங்குகள். தாய் சாம்பல், மடியில் தொங்கும் குட்டி பளீரென்ற ஆரஞ்சு. பேத்தி அதை நம்பவே மறுத்தாள். யாரோ பொம்மையைக் கொடுத்துவிட்டார்கள் என்றாள். மலையடிவாரத்தில் 1987 முதல் இயற்கைப் பூங்கா. செகிஞ்சான் கடற்கரையில் பட்டம் விடலாம். எல்லாம் நல்ல இடங்கள். ஆனால் கார் எடுத்து, பெட்ரோல் போட்டு, தண்ணீர் பாட்டில் கட்டிக்கொண்டு போகிற இடத்தைச் சுற்றுலா என்பார்கள். பிள்ளைக்கு வேண்டியது செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே போகக்கூடிய ஒன்று.

நடந்து போகும் தூரம்

அக்கா மகளிடம் ஏழாவது திடலைச் சொன்னேன். காரில் ஆறு நிமிடம். முகம் சுருங்கியது. "வேலை முடிஞ்சு வந்து தினமும் எப்படி மாமா?"

மறுவாரம் வாட்சப் குழுவில் ஒரு செய்தி போட்டாள். திடலில் மூன்று மரக்கன்று நடலாமா, நகராண்மைக் கழகத்துக்குக் கடிதம் எழுதினால் யார் யார் கையெழுத்து போடுவீர்கள் என்று. இருநூறு பேரில் பதினொரு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர், மரம் வைத்தால் இலை கொட்டும், யார் கூட்டுவது என்று கேட்டார். நியாயமான கேள்வி; தூங்குமூஞ்சி நிஜமாகவே கொட்டும். வேரும் பெரிது, வீட்டுக்கும் சாக்கடைக்கும் தள்ளித்தான் நட வேண்டும்.

இரண்டு மாதம் கழித்துப் போனேன். கடிதத்துக்குப் பதில் வந்திருக்கவில்லை. கன்றும் நடவில்லை. ஆனால் பக்கத்து வரிசையில் குடியிருக்கும் ஜாவாக்காரப் பாட்டி ஒருவர், மீன் சந்தைக்காரர்கள் விரிக்கும் பெரிய குடையையும் மடக்கு நாற்காலியையும் கொண்டுவந்து, ஆறு மணிக்குச் சறுக்குக்குப் பக்கத்தில் போட்டு உட்காரத் தொடங்கியிருந்தார். தன் பேரன்கள் மூன்று பேரோடு வந்தவர். எங்கிருந்தோ இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து சேர்ந்திருந்தார்கள். சறுக்கை எவரும் தொடவில்லை. யார் வீட்டு வாசலிலிருந்தோ இழுத்து வந்த காய்ந்த பாக்கு மட்டையில் எங்கள் பேத்தி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பையன்கள் இழுத்தார்கள். மூன்றாவது சுற்றில் மட்டை கிழிந்தது. "லாகி, லாகி" என்று கத்திக்கொண்டே அடுத்த மட்டையைத் தேடி ஓடினார்கள்.